அர்ஜென்ட் ஜாபுக்கு என்ன ரேட் சொல்வது? சிங்கப்பூரில் சொந்த லாரி ஓட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு

மதியம் இரண்டே காலுக்குப் போன் வரும். உபி தொழிற்பேட்டையில் சாமான் இறக்கிவிட்டு, லாரிக்குள்ளேயே உட்கார்ந்து பொட்டலச் சோற்றைப் பிரித்திருப்பீர்கள். “அண்ணே, துவாஸ்ல ஒரு பாலெட் கிடக்கு, அஞ்சரை மணிக்குள்ள சாங்கி ஏர்போர்ட் ஏர்ஃபிரைட்ல இறங்கணும், எவ்வளவுண்ணே?” மூன்று விநாடிக்குள் வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். அவர் உடனே “ஓகே” என்றால் குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கும். “யோசிச்சு சொல்றேண்ணே” என்றால் கூட்டிச் சொல்லிவிட்டோமோ என்று இன்னொரு கலக்கம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நமக்கே நம் கணக்கு தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 14 அடி லாரி, மூடிய பெட்டி, பின்னால் டெயில்கேட் (சாமானை ஏற்றி இறக்கும் தூக்குப் பலகை), ஓட்டுநரும் முதலாளியும் நான்தான். முதல் இரண்டு வருடம் நாள் முழுக்க ஓடினேன், போன் ஓயவே இல்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஒரு டிசம்பர் இரவு என் மனைவி டிஓ (சாமான் ஒப்படைத்ததற்கான டெலிவரி ஆர்டர்) கட்டையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இந்த ஜாபுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?” எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லத் தெரிந்தது, எவ்வளவு காசு வந்தது என்று தெரிந்தது, நேரம் மட்டும் தெரியவில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் கணக்கு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சொந்தப் பெயரில் தொழில் பதிந்து, சொந்த லாரியோ வாடகை லாரியோ வைத்து ஓட்டும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகள் அட்டையில் உள்ள முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம், ஞாயிற்றுக்கிழமை “சும்மா ஒரு டிரிப்” என்று போனால்கூட மாட்டினால் வேலை போய்விடும். ஆனால் கம்பெனியில் தவுக்கே (முதலாளி) உங்களையே ரேட் சொல்லச் சொல்கிறார் என்றால் தாராளமாகப் படியுங்கள்.

கிலோமீட்டரை மறந்துவிடுங்கள்

நாமக்கல்லிலிருந்து டில்லிக்கு லோடு ஏற்றுகிறவர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசலாம். அங்கே தூரம்தான் நேரம். இங்கே அப்படி இல்லை. தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி சுமார் 50 கிலோமீட்டர், இருப்பதிலேயே நீளமான விரைவுச்சாலையான பிஐஇயே 42.8 கிலோமீட்டர்தான். கிலோமீட்டர் கணக்குப் போட்டால் எந்த ஜாபும் மலிவாகத்தான் தெரியும். நம் நாளைத் தின்பது சாலை இல்லை, சாலைக்கு இரண்டு முனையிலும் இருப்பவை. காக்கி புக்கிட்டில் பழைய அடுக்குத் தொழிற்கூடத்தில் ஒரே ஒரு சாமான் லிஃப்ட், அதற்கு முன்னால் ஆறு பேர். சாங்கியில் சாமான் இறக்கும் டாக் கிடைக்காமல் வரிசை. கடைத்தொகுதி லோடிங் பேயில் பாதுகாவலர் “பத்து நிமிஷம்” என்று சொல்லும் அரை மணி. லாரி ஏறியே போகிற ராம்ப் வைத்த கட்டடம் என்றால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை, லிஃப்ட் கட்டடத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கலாம்.

ஆகவே மணிக்கு எவ்வளவு என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதன் மேல் ஏற்றுவதுதான்.

என் மாதிரி 14 அடி லாரிக்கு ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன், எண்களை உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். லாரியின் தேய்மானம், அதாவது சிஓஇயும் (வண்டி வைத்திருப்பதற்கான பத்து வருட உரிமம்) வண்டி விலையும் சேர்த்துப் பத்து வருடத்துக்குப் பரப்பினால், மாதம் 1,100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இதைத்தான் பலபேர் விட்டுவிடுகிறார்கள், கடன் கட்டி முடித்துவிட்டேன், இனி லாரி இலவசம் என்று நினைப்பு. சரக்கு வண்டிக்கான சி பிரிவு சிஓஇ அண்மைக் காலமாக 60,000 வெள்ளிக்கு மேலேயே நிற்கிறது, பத்து வருடம் முடிந்ததும் அந்தப் பணத்தை நீங்கள்தான் மறுபடியும் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். காப்புறுதி 200. சாலை வரி, பரிசோதனை 60. கனரக வாகன நிறுத்துமிடம் 200 (மொத்த எடை 5,000 கிலோவுக்கு மேல் என்றால் நிறுத்துமிடச் சான்றிதழ் இல்லாமல் வண்டியையே வைத்திருக்க முடியாது). சர்வீஸ், டயர் 250. போன், கேன்வாஸ், கயிறு, கையுறை என்று சில்லறை 60. மொத்தம் 1,870. அதோடு உங்கள் சம்பளம். ஆமாம், உங்களுக்கும் சம்பளம் உண்டு, வேறு லாரியில் வேலைக்குப் போயிருந்தால் ஒருவர் கொடுத்திருப்பார் அல்லவா? 3,500 என்று வைப்போம். எல்லாம் சேர்த்து 5,370.

இனி எத்தனை மணி நேரம் என்பது. மாதம் 24 நாள், நாளுக்குப் பத்து மணி நேரம், 240 மணி என்று வகுக்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் வகுத்தேன், அழகாக 22 வெள்ளி வந்தது, அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒரு வருடம் நஷ்டத்தில் ஓடினேன். பத்து மணி நேரத்தில் காசு வருகிற நேரம் ஆறு மணிதான் இருக்கும். மீதி வெறும் லாரியாக ஓடுவது, அடுத்த ஜாபுக்குக் காத்திருப்பது, டீசல் போடுவது, பில் அனுப்புவது. 24 நாள், ஆறு மணி, 144. 5,370ஐ 144ஆல் வகுத்தால் 37 வெள்ளி சொச்சம். இது டீசல் இல்லாமல், லாபமும் இல்லாமல். லாரி ஒரு வாரம் வொர்க்‌ஷாப்பில் படுத்தால், உங்களுக்கு டெங்கி வந்தால், அதற்கு எங்கே போவது? கொஞ்சம் ஏற்றி மணிக்கு 45 என்று முடித்துக்கொண்டேன்.

டீசல் தனி. லிட்டருக்கு 6 கிலோமீட்டர், தள்ளுபடி போக லிட்டர் 2.20 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 37 காசு. 2019இலிருந்து லிட்டருக்கு 20 காசு டீசல் வரியும் இந்த விலைக்குள்தான் இருக்கிறது. இதை மணிக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைப்பதற்குக் காரணம் உண்டு. 2022இல் உக்ரேன் போர் தொடங்கி டீசல் விலை எகிறியபோது, ஒரே ரேட்டாக வருட ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

அர்ஜென்ட் என்றால் எதை விற்கிறோம்

இங்கேதான் பலருக்கும் குழப்பம். அர்ஜென்ட் என்றதும் வேகமாகப் போகக் காசு என்று வாடிக்கையாளரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம். 3,500 கிலோவுக்கு மேல் மொத்த எடை உள்ள லாரி விரைவுச்சாலையில்கூட 60ஐத் தாண்டக் கூடாது, அந்த எண்ணை வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறோம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தும் விதியும் இப்போது சிறிய லாரிகள்வரை வந்துவிட்டது. துவாஸிலிருந்து சாங்கிக்கு 45 கிலோமீட்டர் என்றால், வழியெல்லாம் காலியாக இருந்தாலும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அர்ஜென்ட் ஜாபும் அதே முக்கால் மணிதான், சாதாரண ஜாபும் அதேதான். வேகத்துக்குக் காசு வாங்கிவிட்டு 80இல் மிதித்தால், வாங்கிய காசு அபராதத்துக்குப் போகும், புள்ளிகள் லைசென்ஸுக்கு ஏறும்.

நாம் கொடுப்பது இதைத்தான்: இப்போதே கிளம்புகிறேன், இந்தச் சாமானை மட்டும் ஏற்றுகிறேன், வழியில் வேறெங்கும் நிற்கமாட்டேன். இதற்காக நம்முடைய நாள் கலைகிறது. உபியிலேயே மூன்று மணிக்கு இருந்த ஜாபைத் தள்ளிப்போட வேண்டும். ஒரே டிரிப்பில் நான்கு இடத்துச் சாமானைக் கோத்து எடுத்து வந்தால் கிடைக்கும் லாபம் போய்விடும். சாங்கியில் இறக்கிய பிறகு திரும்பும் லோடு கிடைக்காது, வெறும் பெட்டியோடு வீடு திரும்ப வேண்டும். கலைந்த நாளுக்குத்தான் அர்ஜென்ட் ரேட். அது புரிந்துவிட்டால் போனில் பேசும் குரலே மாறிவிடும், கெஞ்சவும் தோன்றாது, மிரட்டவும் தோன்றாது.

சரி, அந்த இரண்டே கால் மணிப் போனுக்கு வருவோம். உபியிலிருந்து துவாஸ் போக 45 நிமிடம். ஏற்ற அரை மணி. துவாஸிலிருந்து சாங்கி ஒரு மணி நேரம், ஏனென்றால் நாலு மணிக்கு மேல் பிஐஇ எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சாங்கியில் வரிசை, இறக்குவது, டிஓவில் சாப்பு (முத்திரை) வாங்குவது எல்லாம் முக்கால் மணி. அப்புறம் சாங்கியிலிருந்து உட்லண்ட்ஸ் வீட்டுக்கு ஒரு மணி நேரம், வேலை விட்டு வரும் கூட்டத்தில். மொத்தம் நாலு மணி. நாலு நாற்பத்தைந்து 180. தூரம் 35, 45, 30 என்று 110 கிலோமீட்டர், டீசல் 41 வெள்ளி. இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) ஒரு 8 வெள்ளி என்று வைப்போம். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட லாரிக்கு கார் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு, 16,000 கிலோவைத் தாண்டினால் இரண்டு மடங்கு, இதை மறந்து கார் ரேட்டைப் பார்த்துக் கோட்டேஷன் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஆக 229. தள்ளிப்போட்ட உபி ஜாபுக்காரருக்குச் சமாதானமாக 20 வெள்ளி குறைத்துக்கொள்கிறேன், அதை இந்த ஜாப்தான் கட்ட வேண்டும். 249. அந்த 229க்கு முப்பது விழுக்காடு கலைந்த நாளுக்கு, 69. மொத்தம் 318. நான் 320 என்று சொல்வேன்.

வெறும் வழியை மட்டும் பார்க்கிறவருக்கு 45 கிலோமீட்டருக்கு 320 வெள்ளியா என்று தலை சுற்றும். உங்களுக்கே சுற்றலாம். ஆனால் எண்களில் எதைக் குறைப்பது, சொல்லுங்கள்? வீடு திரும்பும் ஒரு மணி நேரத்தையா? அந்த நேரத்தில் சாங்கி பக்கமே இன்னொரு லோடு கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் குறையுங்கள், நானும் குறைப்பேன். லோயாங்கிலோ சாங்கி சவுத்திலோ வழக்கமாக மாலை லோடு இருக்கிறவருக்கு இந்த ஜாப் உண்மையிலேயே மலிவு, அவர் 260 சொன்னாலும் லாபம்தான். அதனால்தான் அடுத்தவர் ரேட்டைக் கேட்டு அதில் பத்து வெள்ளி குறைத்துச் சொல்லும் பழக்கம் ஆபத்து. அவர் லாரி எங்கே தூங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

முப்பது விழுக்காடு என்பதும் கல்வெட்டு இல்லை. கையில் வேறு ஜாப் எதுவும் இல்லாத செவ்வாய்க்கிழமை காலை என்றால் பத்து போதும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஐம்பது. ஆனால் எதிரில் இருப்பவரின் பதற்றத்தைப் பார்த்து ஏற்றாதீர்கள். விமானம் தப்பினால் அவருக்குப் பல்லாயிரம் நஷ்டம் என்று குரலிலேயே தெரியும், நாக்கு 600 சொல்லத் துடிக்கும். ஒருமுறை நானும் சொன்னேன். கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து போனே வரவில்லை, அவருடைய மற்ற ஜாபெல்லாம் எங்கே போயிற்றோ.

ரேட் சொல்லும் முன் கேட்க வேண்டியவை

“ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுறேன்” என்று சொல்லப் பழகுங்கள். வாகனம் ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்து ரேட் பேசுவது சட்டப்படியும் தப்பு, கணக்குப்படியும் தப்பு. அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் சில கேள்விகள் கேட்டுவிட வேண்டும்.

சாமான் என்ன, எத்தனை கிலோ, எத்தனை பாலெட், எவ்வளவு உயரம். “ஒரு சின்னப் பெட்டிதாண்ணே” என்பதை நம்பவே நம்பாதீர்கள், வாட்ஸ்ஆப்பில் படம் கேளுங்கள். தின்னர், பெயின்ட், எரிவாயு உருளை மாதிரி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருளை ஏற்றக் குடிமைத் தற்காப்புப் படையின் அனுமதி வேண்டும், ஓட்டுநருக்கும் தனி பெர்மிட் வேண்டும், போகும் பாதைக்கும் கட்டுப்பாடு உண்டு. எந்த அர்ஜென்ட் ரேட்டும் அதற்கு ஈடாகாது.

அங்கே ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறதா, இல்லை என் டெயில்கேட்தானா, கூட ஆள் வேண்டுமா? ஆள் என்றால் அவருக்கும் மணிக் கணக்கு, அவரும் சட்டப்படி வேலை செய்யக்கூடியவராக இருக்க வேண்டும், பக்கத்து விடுதியிலிருந்து தெரிந்த பையனைக் கூட்டிப் போகும் வேலை வேண்டாம். கட்டடம் ராம்ப்பா லிஃப்ட்டா? லோடிங் பேயில் உயர வரம்பு என்ன?

நுழைவு அனுமதி யார் எடுப்பது? இதில் நான் நன்றாகச் சூடு பட்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஜூரோங் தீவுக்கு ஒரு வால்வு கொண்டுபோகக் கூப்பிட்டார்கள், எண்பது வெள்ளி என்று சொல்லிவிட்டேன், பக்கம்தானே, நான் அப்போது பெனோயில்தான் இருந்தேன். ஜூரோங் தீவு பாதுகாக்கப்பட்ட இடம், பாஸ் இல்லாமல் பாலத்தைத் தாண்ட முடியாது. பாஸ் ஏற்பாடு ஆகிவிட்டது என்று சொன்னவர் உண்மையில் ஏற்பாடு செய்யவில்லை. வெளியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வெயிலில், ஏர்கானைப் போட்டால் டீசல், அணைத்தால் வேர்வை. எண்பது வெள்ளியைத்தான் கொடுத்தார்கள், அதையும் ஒன்றரை மாதம் கழித்து. துறைமுகம், சாங்கி ஏர்ஃபிரைட் சென்டர், கப்பல் பட்டறை என்று எங்கே போனாலும் முதல் கேள்வி இப்போது பாஸ்தான். ஏர்ஃபிரைட் என்றால் எந்த வேர்ஹவுஸ், கட்-ஆஃப் எத்தனை மணி, பேப்பர் எல்லாம் தயாரா என்பதும். பேப்பர் தயாராக இல்லாத சாமானுக்கு நாம் எவ்வளவு அவசரப்பட்டும் பயன் இல்லை, டாக்கில் நின்று ஃபார்வர்டருக்கு (சரக்கு அனுப்பும் முகவருக்கு) போன் போட்டுக்கொண்டிருப்போம்.

காத்திருப்புக்குக் கட்டாயம் காசு வாங்குங்கள், ஆனால் முன்னாலேயே சொல்லி வாங்குங்கள். என் விதி: ஒவ்வோர் இடத்திலும் முதல் அரை மணி இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு கால் மணிக்கும் 12 வெள்ளி. போய்ச் சேர்ந்ததும் கட்டடத்தின் பெயர் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, “வந்துவிட்டேன் 3.02” என்று வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடுவேன். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு காத்திருப்புக் காசு அவ்வளவாக வருவதில்லை, ஏனென்றால் படம் வந்த உடனே அவர்களே உள்ளே போன் செய்து சாமானை இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். அதைவிட வேறென்ன வேண்டும்.

கிளம்பிய பிறகு ரத்து என்றால் பாதி. வாசலுக்கு வந்த பிறகு ரத்து என்றால் குறைந்தபட்சத் தொகை முழுதும். என் குறைந்தபட்சம் இரண்டு மணி நேரம், அதற்குக் கீழே எந்த ஜாபும் இல்லை, உட்லண்ட்ஸிலிருந்து செனோக்கோவுக்கு என்றாலும் சரி.

இதையெல்லாம் ஒரே குறுஞ்செய்தியாகப் போனில் எழுதி வைத்திருக்கிறேன், ரேட்டையும் நேரத்தையும் மட்டும் மாற்றி அனுப்புவேன். பதிலுக்கு “ஓகே” என்று எழுத்தில் வந்த பிறகுதான் கியர் போடுவேன்.

இரவும் பண்டிகையும்

இரவு ஜாபில் ஒரு மாயை உண்டு. சாலை காலி, இஆர்பி இல்லை, ஒரு மணி நேர வேலை முக்கால் மணியில் முடிகிறது. லாபம்போலத் தெரியும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்பினால் காலை ஏழு மணி ஜாபுக்கு எழுந்திருக்க முடியாது, எழுந்தாலும் ஓட்டக் கூடாது. நாளைக் காலையின் மூன்று மணி நேரத்தையும் சேர்த்துத்தான் இரவு ரேட் போட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் என்றால் நான் இரண்டு மடங்கு வாங்குகிறேன், கேட்பவர் தயங்கினால் காலை ஆறு மணிக்குச் சாதாரண ரேட்டில் எடுக்கிறேன் என்பேன். பாதிப் பேருக்கு அதுவே போதும், அதாவது பாதி அர்ஜென்ட் உண்மையில் அர்ஜென்ட்டே இல்லை.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய பத்து நாள் எல்லாமே அர்ஜென்ட்தான். அப்போது ரேட்டை முன்னாலேயே அறிவித்துவிடுவது நல்லது, வழக்கமானவர்களுக்கு ஒரு மாதம் முன்பே செய்தி அனுப்பிவிடுவேன். புத்தாண்டு முதல் இரண்டு நாள் தீவே மூடிக் கிடக்கும், ஜாப் வந்தால்கூடக் கிடங்கு திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நம் ஆட்களிடம் ரேட் பேசுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். தீபாவளிக்கு முதல் நாள் லிட்டில் இந்தியா தேக்காவிலிருந்து மளிகைக்கடை அண்ணன் கூப்பிடுவார், பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து வாழை இலையும் பூசணியும் உடனே வேண்டும் என்று. “என்னப்பா, நமக்குள்ள என்ன கணக்கு, பார்த்துப் போடு.” சிராங்கூன் ரோடு அன்றைக்கு எப்படி இருக்கும்? கேம்பல் லேனுக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்தவே அரை மணி சுற்ற வேண்டும். தூரம் பார்த்தால் ஒன்றுமே இல்லை, நேரம் பார்த்தால் மூன்று மணி. நான் கண்டுபிடித்த வழி, ரேட்டை முழுதாகச் சொல்லிவிட்டு, குறைப்பதைத் தனியாகக் காட்டுவது. “ரேட் 190ண்ணே, உங்களுக்கு 30 குறைச்சு 160.” வெறுமனே 160 என்று சொன்னால் அடுத்த முறை அது 130இலிருந்து தொடங்கும். குறைத்தது தெரிய வேண்டும், பில்லிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த அண்ணன் இப்போதெல்லாம் இரண்டு நாள் முன்னாலேயே கூப்பிடுகிறார், சாதாரண ரேட்டில் முடிந்துவிடுகிறது, கூடவே ஒரு கிலோ முறுக்கு.

காசு கைக்கு வரும்வரை

புதிய ஆள், அர்ஜென்ட் ஜாப் என்றால் கிளம்பும் முன் பாதி பேநவ்வில் (போன் வழிப் பணமாற்று), இறக்கும் முன் மீதி. இதில் கூச்சப்படாதீர்கள், அவருக்கும் பத்து விநாடி வேலைதான். ஃபார்வர்டர்கள் 30 நாள், 60 நாள் கடன் கேட்பார்கள், தொடர்ந்து ஜாப் தருகிறவர் என்றால் கொடுக்கலாம், ஆனால் டீசல் நிலையம் உங்களுக்கு 60 நாள் கடன் தருவதில்லை என்பதை நினைவில் வைத்து ரேட்டில் ஐந்து விழுக்காடாவது ஏற்றுங்கள். அப்படியும் இழுத்தடிக்கிறவர் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரைபியூனலுக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும், வக்கீல் தேவையில்லை. அங்கே உதவப் போவது அந்த எழுத்து “ஓகே”யும் சாப்பு வைத்த டிஓவும்தான்.

ஜிஎஸ்டி பற்றிச் சிலர் கேட்கிறார்கள். வருட வருமானம் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் கட்டாயப் பதிவு, பதியாதவர் பில்லில் 9 விழுக்காடு சேர்த்து வாங்கக் கூடாது. மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு) மட்டும் மறக்காதீர்கள், வருடத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நிகர வருமானம் என்றால் சொந்தத் தொழில் செய்கிறவரும் கட்டியாக வேண்டும். மேலே நான் போட்ட 3,500 சம்பளத்துக்குள்தான் அதுவும் அடங்க வேண்டும், அடங்கவில்லை என்றால் மணிக் கணக்கை ஏற்றுங்கள்.

காப்புறுதிக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். சில பாலிசிகளில் சொந்தச் சாமான் ஏற்ற மட்டும்தான் பாதுகாப்பு, கூலிக்கு அடுத்தவர் சாமான் ஏற்றினால் கிடையாது. லாரிக்குக் காப்புறுதி இருக்கிறது என்பதால் உள்ளே இருக்கும் சாமானுக்கும் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். 20,000 வெள்ளி இயந்திரப் பாகத்தை 320 வெள்ளிக்கு ஏற்றும்போது, அது டெயில்கேட்டிலிருந்து சரிந்தால் யார் பொறுப்பு என்பது முன்னாலேயே எழுத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு ஜாப் முடிந்ததும் நான் சொன்ன மணி நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் டிஓவின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனைவி அவற்றைக் கூட்டிப் பார்க்கிறாள். போன முறை பார்த்தபோது, எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வாடிக்கையாளர், போகும்போதெல்லாம் கோப்பி வாங்கிக் கொடுப்பவர், அவருடைய ஜாப் ஒவ்வொன்றும் நான் சொன்னதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகியிருந்தது. கோப்பி குடித்த நேரம் அதில் கால் மணிதான், மீதி அவர் கிடங்கில் சாமான் தேடிய நேரம். அடுத்த ஜாபுக்கு 45 வெள்ளி ஏற்றிச் சொன்னேன். ஏன் என்று கேட்டார், டிஓ பின்பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாமானை முந்தின நாளே வாசல் பக்கம் எடுத்து வைக்கச் சொன்னால் பழைய ரேட்டுக்கு வருவாயா என்றார். வருவேன் என்றேன்.